எதிர்ப்பை எழுதிவைத்த ஜெனரல்

கேள்வி: நான் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். ராணுவ அதிகாரிகளுக்கான தேர்வுக்கும் தயாராகி வருகிறேன். இரண்டு உலகப் போர்களிலும் பணியாற்றிய ஜெர்மன் ஜெனரல் யோஹன்னஸ் பிளாஸ்கோவிட்ஸ் பற்றி எங்கள் வரலாற்று மன்றத்துக்குக் கட்டுரை எழுதுகிறேன். போலந்தில் ஹிட்லரின் நாஜிக் கட்சிப் படையான எஸ்.எஸ். செய்த கொலைகளை எதிர்த்து மேலிடத்துக்கு மனு அனுப்பியவர் என்பதால் ‘நேர்மையான ஜெனரல்’ என்று தலைப்பு வைத்தேன். என் நண்பன் ஒப்புக்கொள்ளவில்லை. “நேர்மையானவர் என்றால் நியூரம்பெர்க்கில் ஏன் குற்றம் சாட்டப்பட்டார்? விசாரணை நாளில் ஏன் மாடியிலிருந்து குதித்து இறந்தார்?” என்று கேட்கிறான். எஸ்.எஸ். ஆட்களே அவரைக் கொன்றார்கள் என்றும் படித்தேன். எது உண்மை? இன்னொரு கேள்வி எனக்காக: தவறைக் கண்ட அதிகாரி மேலிடத்துக்கு எழுதிவிட்டால் அவருடைய கடமை முடிந்துவிடுகிறதா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கடைசியாகக் கேட்டிருக்கிறீர்களே ஒரு கேள்வி, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். நாளை தோளில் நட்சத்திரம் ஏறப்போகும் ஒருவர் இன்றே இதைக் கேட்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

முதலில் உங்கள் நண்பருடைய வாதத்தைப் பார்த்துவிடுவோம். 1948 பிப்ரவரி 5-ஆம் தேதி நியூரம்பெர்க் சிறையின் மேல்தளத்திலிருந்து விழுந்து பிளாஸ்கோவிட்ஸ் இறந்தார். அவருக்கு அப்போது 64 வயது. தற்கொலை என்பதே பதிவு. சிறையில் வேலை செய்த முன்னாள் எஸ்.எஸ். ஆட்கள் தள்ளிவிட்டார்கள் என்ற பேச்சு அப்போதே கிளம்பியது. அதற்குச் சான்று எதுவும் நிறுவப்படவில்லை. கட்டுரையில் இதை வதந்தி என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அவர் குதித்ததைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். போர்க்குற்றங்களுக்காக ஜெர்மன் உயர் தளபதிகள் மீது நடந்த அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 14 பேர். அவர் போக மீதி 13 பேருக்கும் 1948 அக்டோபர் இறுதியில் தீர்ப்பு வந்தது. 11 பேருக்குத் தண்டனை, இருவருக்கு விடுதலை. பிளாஸ்கோவிட்ஸ் உயிரோடு இருந்திருந்தால் விடுதலையாகியிருக்கக்கூடும் என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. எப்படியிருந்தாலும், எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்றோ குற்றமற்றவர் என்றோ சொல்லவில்லை. அவர் வாழ்ந்ததை வைத்துத்தான் நாம் பேச முடியும்.

அவர் 1883 ஜூலை 10 அன்று கிழக்குப் பிரஷியாவில் பாட்டர்ஸ்வால்டே என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த ஊர் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட் பகுதியில் இருக்கிறது. தந்தை புராட்டஸ்டன்ட் போதகர். பையனாக இருக்கும்போதே ராணுவப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். 1901-இல் ஆஸ்டெரோடே நகரில் இருந்த காலாட்படை ரெஜிமென்ட்டில் அதிகாரிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். போதகர் வீட்டு ஒழுக்கம், பயிற்சிப் பள்ளிக் கட்டுப்பாடு, பேரரசர் கைசருக்குச் செய்த சத்தியம் ஆகிய இம்மூன்றும் சேர்ந்து உருவான மனிதர் அவர். முதல் உலகப் போரில் மேற்கிலும் கிழக்கிலும் பணியாற்றி, முதல் வகுப்பு இரும்புச் சிலுவை பெற்று, கேப்டனாகப் போரை முடித்தார். அந்தப் போரைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு பத்திக்கு மேல் வேண்டாம். அவரைப் போல் முன்னணியில் நின்ற இளம் அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

போருக்குப் பின் நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மன் ராணுவத்தை ஒரு லட்சம் பேராகவும், அதிகாரிகளை 4,000 பேராகவும் சுருக்கியது. அந்த 4,000 பேரில் பிளாஸ்கோவிட்ஸும் ஒருவர். ‘அரசியல் நமக்கு வேண்டாம், தொழிலே தெய்வம்’ என்பது அந்தச் சிறிய ராணுவத்தின் தாரக மந்திரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அரசியலை ஒதுக்கிவைத்த அதே ராணுவம் 1934 ஆகஸ்டில் நாட்டுக்கோ அரசியலமைப்புக்கோ அல்லாமல் ஹிட்லர் என்ற தனிமனிதருக்குச் சத்தியம் செய்து கொடுத்தது. பிளாஸ்கோவிட்ஸும் கையை உயர்த்தினார். பதவிகள் வரிசையாக வந்தன. 1939 மார்ச்சில் செக் நாட்டின் பொஹீமியாவுக்குள் நுழைந்த படை அவர் தலைமையில் சென்றது. ஓர் அண்டை நாட்டை விழுங்கிய செயல் அது. அதில் அவருக்குத் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. கட்டுரையில் இதை விட்டுவிடாதீர்கள்.

1939 செப்டம்பரில் போலந்து மீது படையெடுத்தபோது அவர் எட்டாம் படையின் தளபதி. வார்சாவை நோக்கி விரைந்துகொண்டிருந்த அவருடைய படையின் வடக்குப் பக்கம் மெலிந்து நீண்டுகிடந்தது. செப்டம்பர் 9-ஆம் தேதி போலந்து ஜெனரல் ததேயுஷ் குட்ஷேபா அந்த இடத்தில்தான் அடித்தார். பிசுரா ஆற்றங்கரைப் போர் என்று அதற்குப் பெயர். முதல் சில நாட்கள் ஜெர்மானியர்கள் திணறினார்கள். பிறகு சுற்றி வளைத்து முடித்தார்கள். செப்டம்பர் 28-ஆம் தேதி வார்சாவின் சரணடைவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட ஒரு தொழிற்சாலைக்கு வந்த போலந்துத் தளபதி அதே குட்ஷேபா. எதிரில் பிளாஸ்கோவிட்ஸ். மூன்று வாரங்களுக்கு முன் தன்னை நிலைகுலைய வைத்த எதிரியை அவர் மரியாதையோடு நடத்தினார். பழைய பிரஷிய ராணுவ மரபு அது. அவருக்குத் தெரிந்த போர், சீருடை அணிந்த இருவர் மோதி, தோற்றவர் வாளைக் கொடுத்து, வென்றவர் கைகுலுக்கும் போர்.

அவருடைய முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த போர் வேறு. படைகளின் பின்னாலேயே எஸ்.எஸ். கொலைப் பிரிவுகள் வந்தன. ஆசிரியர்கள், பாதிரியார்கள், ஜமீன்தார்கள், யூதர்கள் எனப் பட்டியல் போட்டுச் சுட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் பல்லாயிரம் பேர் செத்தார்கள். இப்படிக் கொன்றவர்கள் சிலர் மீது ராணுவ நீதிமன்றங்கள் வழக்கு நடத்தித் தண்டனையும் கொடுத்தன. அக்டோபர் 4-ஆம் தேதி ஹிட்லர் இரகசியமாக ஒரு பொது மன்னிப்பு ஆணை பிறப்பித்தார். அதே மாதம் 17-ஆம் தேதி எஸ்.எஸ். மற்றும் போலீஸ் படைகளை ராணுவ நீதிமன்றத்தின் அதிகாரத்திலிருந்தே விலக்கிவிட்டார். கொலைகாரர்களைப் பிடிக்கும் அதிகாரம் ராணுவத்தின் கையை விட்டுப் போய்விட்டது. அந்த நேரத்தில்தான் பிளாஸ்கோவிட்ஸ் கிழக்குப் பகுதியின் தலைமைத் தளபதியானார். போலந்துக் குடியரசுத் தலைவர்கள் வேட்டைக்குத் தங்கிய ஸ்பாவா மாளிகையில் அவருடைய தலைமையகம் இருந்தது.

உங்கள் கட்டுரையின் உயிர் இந்த மாளிகையில்தான் இருக்கிறது. இங்கே நிதானமாக நில்லுங்கள்.

நவம்பர் 6-ஆம் தேதி கிராகோவ் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் 180-க்கும் மேற்பட்டோரை ஒரு சொற்பொழிவுக்கு என்று வரவழைத்து, மண்டபத்திலேயே கைது செய்து கொண்டுபோனார்கள். அடுத்த பத்து நாட்களில் பிளாஸ்கோவிட்ஸின் முதல் மனு ராணுவத் தலைமைத் தளபதி பிரௌஹிட்ஷுக்குப் போனது. அது ஹிட்லர் மேசைக்கும் சென்றது. ஹிட்லரின் ராணுவ உதவியாளர் கெர்ஹார்ட் எங்கல் விட்டுச்சென்ற குறிப்புகளின்படி, ஹிட்லர் கொதித்துப் போனார். இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் முறைகளை வைத்துக்கொண்டு போர் நடத்த முடியாது என்றார். அந்த ஆளை நான் எப்போதுமே நம்பியதில்லை என்றும் சொன்னார்.

பிளாஸ்கோவிட்ஸ் அதோடு நிறுத்தவில்லை. 1940 பிப்ரவரியில் பிரௌஹிட்ஷ் ஸ்பாவாவுக்கு வந்தபோது இரண்டாவது அறிக்கையைக் கொடுத்தார். இது இன்னும் கடுமையானது. கொலை, கொள்ளை, அடி உதை, பாலியல் வன்முறை என்று சம்பவம் சம்பவமாக எழுதி, தமக்குக் கீழ் பணியாற்றிய ஜெனரல் உலெக்ஸ் அனுப்பிய கண்டனத்தையும் சேர்த்திருந்தார். எஸ்.எஸ். மீதும் போலீஸ் மீதும் தம் வீரர்களுக்கு இருப்பது அருவருப்பும் வெறுப்பும்தான் என்று எழுதினார். ஹிட்லர் ஆட்சியின் உச்ச நாட்களில், பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திட்டு இப்படி எழுத நெஞ்சுரம் வேண்டும். அதை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த அறிக்கையை வரி வரியாகப் படித்தால் ஓரிடத்தில் மூச்சு நின்றுவிடும். யூதர்களையும் போலந்துக்காரர்களையும் பத்தாயிரக்கணக்கில் இப்படி வெட்டிச் சாய்ப்பது தவறான வழி என்கிறார். ஏன் தவறு? மக்கள்தொகை அவ்வளவு பெரியது. இப்படிக் கொல்வதால் போலந்து என்ற எண்ணமும் அழியாது, யூதர்களும் ஒழியமாட்டார்கள் என்று காரணம் சொல்கிறார். எதிரியின் பிரச்சாரத்துக்குத் தீனி கிடைக்கும், போலந்துக்காரர்களுக்கு யூதர்கள் மீது இரக்கம் வந்துவிடும் என்று கணக்குப் போடுகிறார். அதன் பிறகே, இந்த வெறியாட்டம் தொற்றுநோயாகப் பரவி ஜெர்மானிய மக்களின் ஒழுக்கத்தையே அழித்துவிடும் என்ற உண்மையான அச்சம் வெளிப்படுகிறது.

முப்பது ஆண்டுகள் ஐரோப்பிய வரலாறு நடத்தியவன் நான். இந்தப் பகுதியை மொழிபெயர்த்து ஒருமுறை வகுப்பில் வாசித்தேன். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, இதில் செத்துப்போனவர்களுக்காக யார் அழுகிறார்கள்?” என்று கேட்டாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. எனக்கும் உடனே பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய் மீண்டும் படித்தேன். ஹிட்லரிடம் எடுபடும் என்று நினைத்துத்தான் அவர் இலாப நட்டக் கணக்கில் பேசினார் என்று சொல்லலாம். அப்படியும் இருக்கலாம். ஆனாலும் கொல்லப்பட்டவர்களின் பக்கமிருந்து ஒரு வாக்கியம்கூட அதில் எழவில்லை என்பதை அந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டாள். அவருடைய துயரம் முழுவதும் தம் ராணுவத்தின் மானத்துக்காக, தம் மக்களின் ஒழுக்கத்துக்காக. நீங்களும் அந்த அறிக்கையை அவள் படித்ததுபோல் படியுங்கள்.

பிறகு என்ன ஆயிற்று? ஆக்கிரமிப்புப் பகுதியின் ஆளுநர் ஹான்ஸ் ஃபிராங்க் அவரை மாற்றச் சொல்லி ஹிட்லரிடமே கேட்டார். 1940 மே மாதம் பிளாஸ்கோவிட்ஸ் போலந்திலிருந்து மாற்றப்பட்டார். அந்த ஜூலையில் ஹிட்லர் ஒரே நாளில் பன்னிரண்டு பேரை பீல்டு மார்ஷல்களாக உயர்த்தினார். கர்னல் ஜெனரல் பதவியில் இருந்த பிளாஸ்கோவிட்ஸுக்கு அந்த மார்ஷல் கோல் கடைசி வரை கிடைக்கவில்லை. அவர் கொடுத்த விலை அவ்வளவுதான். சிறை இல்லை, பதவி இறக்கம் இல்லை, சம்பளம் நிற்கவில்லை. பேசியிருந்தால் தலை போயிருக்கும் என்று போருக்குப் பின் எத்தனையோ ஜெர்மன் தளபதிகள் சொன்னார்கள். அவர்களுக்கு எதிரான சாட்சியே பிளாஸ்கோவிட்ஸ்தான். அவர் பேசினார், தலை போகவில்லை.

அப்படியானால் அவர் ஏன் மறுபடி பேசவில்லை? இதுதான் என்னைப் பல ஆண்டுகளாக உறுத்தும் கேள்வி. 1940 அக்டோபர் முதல் 1944 மே வரை பிரான்ஸின் அட்லாண்டிக் கரையில் முதலாம் படைக்குத் தலைவராக இருந்தார். அந்தக் காலத்தில் போர்தோவிலிருந்தும் யூதக் குடும்பங்களை ரயிலேற்றித் திரான்சி முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு. ஸ்பாவா அறிக்கைக்கு இணையான இன்னொரு ஆவணம் அவர் பேனாவிலிருந்து வந்ததாக வரலாற்றில் பதிவில்லை. 1944 மே மாதம் தென் பிரான்ஸ் முழுவதற்கும் பொறுப்பான ‘ஜி’ படைத்தொகுதி அவரிடம் வந்தது. அடுத்த மாதமே அந்தப் பரப்புக்குள் எஸ்.எஸ். ‘தாஸ் ரைஷ்’ டிவிஷன் தூல் நகரில் 99 பேரைத் தூக்கிலிட்டது. மறுநாள் ஒரதூர்-சுர்-கிளான் கிராமத்தில் பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்துக்குள் அடைத்துத் தீவைத்து, 640-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இதை அவர் கட்டளையிட்டார் என்று எழுதிவிடாதீர்கள், அது தவறு. போலந்தில் எதைக் கண்டு பதறினாரோ, அது ஐந்தாண்டுகளுக்குள் அவர் பொறுப்பில் இருந்த மண்ணிலேயே நடந்தது என்று எழுதலாம்.

படைநடத்தும் திறமையைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 1944 ஆகஸ்ட் 15 அன்று நேச நாட்டுப் படைகள் தென் பிரான்ஸில் இறங்கின. பிளாஸ்கோவிட்ஸிடம் விமானம் இல்லை என்றே சொல்லலாம்; உருப்படியான கவச டிவிஷன் ஒன்றுதான், பதினோராவது. ரோன் பள்ளத்தாக்கு வழியே பின்வாங்கியபோது மான்டெலிமாரில் அமெரிக்கர்கள் வழியை அடைக்கப் பார்த்தார்கள். ஒரு வாரம் நடந்த சண்டையில் பெரும் இழப்போடு படையின் முக்கியப் பகுதியை வெளியே கொண்டுவந்துவிட்டார். தென்மேற்கில் விடுபட்ட சுமார் 20,000 பேர் அமெரிக்கர்களிடம் சரணடைந்தார்கள். தேர்ந்த தளபதி என்பதில் ஐயமில்லை. பலன்? செப்டம்பரில் அவரை நீக்கினார்கள். டிசம்பரில் திரும்ப அழைத்தார்கள். நீக்கினால் வீட்டுக்குப் போவதும் கூப்பிட்டால் வருவதும் அவருக்கு இயல்பாகவே இருந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவருக்கு வேறு வழி இருந்ததா? இருந்தது. ராணுவத் தலைமை அதிகாரியாக இருந்த லுட்விக் பெக், செக்கோஸ்லோவாகியா மீது படையெடுக்கும் திட்டத்தை எதிர்த்து மனுமேல் மனு எழுதினார். மனு பலிக்கவில்லை என்றதும் 1938 ஆகஸ்டில் ராஜினாமா செய்தார். பெர்லினில் தம் வீட்டில் இருந்துகொண்டே எதிர்ப்பாளர்களை ஒன்றுசேர்த்தார். ஹிட்லரைக் கொல்லப் போட்ட 1944 ஜூலை 20 சதி தோற்ற இரவில் உயிரைக் கொடுத்தார். இன்னொருவர் ஹெல்முட் குரோஸ்குர்ட், அவ்வளவு பெரிய பதவியில்லாத அதிகாரி. பிளாஸ்கோவிட்ஸின் மனுவை மேற்கு முனையில் இருந்த தளபதிகளிடம் கொண்டுபோய்க் காட்டியவர் அவர். 1941 ஆகஸ்டில் உக்ரைனின் பிலா செர்க்வா நகரில், பெற்றோரைக் கொன்றபின் ஒரு கட்டடத்தில் அடைத்துவைத்திருந்த சுமார் 90 யூதக் குழந்தைகளைக் கொல்லாமல் தடுக்கத் தம்மால் ஆனதெல்லாம் செய்து பார்த்தார். முடியவில்லை, படைத் தளபதி ரைஷெனாவ் கொலைக்கு ஒப்புதல் கொடுத்தார். குரோஸ்குர்ட் தோற்றார். ஆனால் கண்ணெதிரே நடந்தபோது கண்ணெதிரே தடுக்க முயன்றார்.

அதிகாரி தவறைக் கண்டால் எழுதத்தான் வேண்டும். முறைப்படி, ஆதாரத்தோடு, பெயரோடு எழுத வேண்டும். அதில் பிளாஸ்கோவிட்ஸை நீங்கள் தாராளமாகப் பின்பற்றலாம். அங்கே கடமை முடிகிறதா என்று கேட்டால், இல்லை என்பதே என் பதில். மேலிடமே குற்றவாளியாக இருக்கும்போது மேலிடத்துக்குப் போட்ட மனு குற்றவாளியிடமே கொடுத்த புகார். ஹிட்லரின் பதிலைக் கேட்ட நாளில் பிளாஸ்கோவிட்ஸுக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ஐந்து ஆண்டுகள் அதே ஆட்சிக்காகப் படை நடத்தினார். அவர் ஒவ்வொரு நாளும் தாங்கிப் பிடித்த முன்னணிக்குப் பின்னால் அந்தக் கொலை முகாம்கள் இயங்கின. அவரைக் கொடியவர் என்று என் மனம் சொல்லவில்லை. ஒரு பெரிய உண்மையைப் பார்த்துவிட்டு, எழுதிவைத்துவிட்டு, அதோடு வாழப் பழகிக்கொண்டவர் என்றே சொல்கிறது. எனக்கு அது கொடுமையைவிட அதிக வருத்தம் தருகிறது.

கடைசி மாதங்களைத் தவறாமல் சேருங்கள். 1945 தொடக்கத்தில் அவர் நெதர்லாந்துப் பக்கம் ‘எச்’ படைத்தொகுதிக்குத் தலைவர். மார்ச்சில் அவர் பெயரால் ஓர் ஆணை போனது: 10-ஆம் தேதி நண்பகலுக்குப் பிறகு, பிரிவை விட்டுப் பிரிந்து சாலையிலோ கிராமத்திலோ தென்படும் வீரர்கள் உடனடி விசாரணைக்குப் பின் சுடப்படுவார்கள். போர் தோற்றது அப்போது எல்லோருக்கும் தெரியும். பஞ்சத்தில் டச்சு மக்கள் டியூலிப் கிழங்கைத் தின்றுகொண்டிருந்தார்கள்; அந்தக் குளிர்காலத்தில் சுமார் 20,000 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 17 அன்று ஜெர்மன் படை அணையை வெடிவைத்து, கடல்மட்டத்துக்குக் கீழே இருந்த வீரிங்கர்மேர் விளைநிலங்களை நீரில் மூழ்கடித்தது. மாத இறுதியில் நேச நாட்டு விமானங்கள் உணவுப் பொட்டலங்களைப் போட ஜெர்மானியர்கள் ஒப்புக்கொண்டார்கள். மே 5-ஆம் தேதி வாகெனிங்கென் நகரில் இடிந்துகிடந்த ஒரு ஓட்டலில் கனடா நாட்டு ஜெனரல் சார்லஸ் ஃபோல்க்ஸின் எதிரில் பிளாஸ்கோவிட்ஸ் அமர்ந்தார். வார்சாவில் மேசையின் ஒருபுறம் இருந்தவர், ஐந்தரை ஆண்டுகள் கழித்து மறுபுறம்.

கட்டுரையை எப்படி அமைக்கலாம் என்று யோசித்துப் பார்த்தேன். ‘நேர்மையான ஜெனரல்’ என்ற தலைப்பை எடுத்துவிடுங்கள். உங்கள் நண்பர் சொல்வதற்காக எதிர்ப்பக்கம் சாயவும் வேண்டாம். நியூரம்பெர்க்கிலிருந்து தொடங்காமல் ஸ்பாவா மாளிகையிலிருந்து தொடங்குங்கள். 1940 பிப்ரவரி அறிக்கையையும் 1945 மார்ச் ஆணையையும் அருகருகே வையுங்கள். இரண்டும் ஒரே மனிதருடைய பெயரில் வந்தவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்று ஆண்டு ஆண்டாகத் தேடுங்கள். முதல் உலகப் போரும் அந்த ஒரு லட்சம் பேர் ராணுவமும் அங்கே தாமாகவே வந்து இடம் பிடிக்கும்.

எழுதி முடித்ததும் ஒரு படி எனக்கு அனுப்புங்கள். தேர்வுக்கு நாள் நெருங்குகிறது என்றால் அவசரம் இல்லை, அதை முடித்துவிட்டு வாருங்கள், கட்டுரை காத்திருக்கும். உங்கள் நண்பரையும் எழுதச் சொல்லுங்கள், இருவருடையதையும் படிக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர்